நாலாவது சேலை

நீ ஜன்னல் பக்கமாத் தள்ளி உக்காரு தாயி, நான் இந்த ஓரத்துலயே இருந்துக்கிடுறேன். ஊர் வந்ததும் சட்டுனு இறங்கி ஓடணும் எனக்கு. மணி என்ன ஆகுது? ஒன்பதே முக்காலா? சரி, நேரம் இருக்கு. பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் முகூர்த்தம். இங்க இருந்து எங்க ஊருக்கு முக்கால் மணி நேரம். சேலை மாத்த பத்து நிமிஷம். பத்து கூட வேண்டாம், அஞ்சே நிமிஷத்துல கட்டிருவேன். திரும்பி வர முக்கால் மணி நேரம். பதினொண்ணரைக்கு மண்டபத்துல நின்னுருவேன்ல? நீயே சொல்லு, நின்னுருவேன்ல?

பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, கல்யாண மண்டபம் அந்தப் பக்கம் கிடக்க, இவ இந்தப் பக்கம் எங்க ஓடுறான்னுதான பாக்குற? பாரு, பாரு. நான் உன் இடத்துல இருந்தாலும் பாப்பேன். மாத்தத்தான் போறேன். இந்தச் சேலையைத்தான் மாத்தப் போறேன். நல்லாத்தான இருக்கு? மயில்கழுத்து கலரு, அரக்கு பார்டரு. எனக்கு எடுப்பா இல்லையா? கிழிஞ்சிருக்கா, கறை பட்டிருக்கா? ஒண்ணும் இல்ல. ஆனாலும் மாத்தணும். சொல்றேன் கேளு.

என் பேரு சண்முகக்கனி. எங்க மாமனாருக்கு நாலு ஆம்பளப் பிள்ளைக. நாலு மருமக்கமாரு. நான்தான் மூத்தவ. எனக்கு அடுத்தவ அன்னலட்சுமி, அதுக்கு அடுத்தவ பிரேமா, கடைசி ஜோதிமணி. எங்க வீட்டு விசேஷம்னா நாலு பேரும் ஒரே சேலைதான். ஒரே கலரு, ஒரே பார்டரு, ஒரே தையல்காரி கையால ஜாக்கெட்டு. யாரு ஏற்பாடுங்கிற? என் ஏற்பாடுதான். இருபது வருஷம் நான்தான் கடைக்குப் போவேன், நான்தான் எடுப்பேன், பிரிச்சுக் குடுப்பேன். நாலு பேரும் வரிசையா மேடை ஏறுனா போட்டோக்காரனே கையக் கட்டி நின்னு பாப்பான். "கனி அக்கா வீட்டுப் பட்டாளம் வந்துருச்சு"ன்னு ஊரே சொல்லும். அதுல எனக்கு ஒரு பெருமை. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

நான் யாரையும் வற்புறுத்துனது கிடையாது. ஒரே ஒரு தடவை ஜோதிமணி, கல்யாணம் ஆகி வந்த புதுசு, அவ அக்கா எடுத்துக் குடுத்த செவப்புச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. பிரேமா தங்கச்சி கல்யாணத்துல. நாங்க மூணு பேரும் பச்சை. எப்படி இருக்கும் பாத்துக்கோ. நான் ஒண்ணும் திட்டல. தனியாக் கூட்டிட்டுப் போய், "மாத்திட்டு வந்தாத்தான் மேடைக்கு"ன்னேன். அவ்வளவுதான். அதுக்கு அவ அறைக்குள்ள உக்காந்து ஒரு மணி நேரம் அழுதா. எங்க அக்கா ஆசையா எடுத்ததுன்னா. ஆசையா எடுத்தா வீட்டுல கட்டிக்க வேண்டியதுதான? கடைசியில மாத்திட்டுத்தான் வந்தா. போட்டோவுல பாரேன், கண்ணு வீங்கியிருக்கும், ஆனா சேலை நாலும் ஒண்ணா இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க சின்னத்தை, மாமனாரோட தம்பி பொண்டாட்டி, அவுகளுக்கும் இந்த ஆசை வந்துச்சு. சின்ன மாமா போய்ச் சேந்து ரெண்டு வருஷம் இருக்கும் அப்ப. "கனி, எனக்கும் ஒண்ணு சேத்து எடும்மா, நானும் உங்களோட நிக்கிறேன்"னாக. நான் மரியாதையாத்தான் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு சின்னத்தை இந்தப் பச்சையும் நீலமும்? உங்க நிறத்துக்குச் சந்தன கலர்தான் எடுப்பா இருக்கும்"னு சொல்லி, எங்களதை விட உசத்தியா ஒரு சேலை எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாக. கல்யாணத்துக்கு வரல. உடம்புக்கு முடியலன்னு சொல்லிவிட்டாக. வயசானா அப்படித்தான், ஏதாவது ஒண்ணு வந்துரும். அவுக விஷயம் வேற, அத விடு.

ஏ கண்டக்டர் தம்பி, வண்டி ஏன் இப்படி உருட்டுறாரு டிரைவரு? கொஞ்சம் மிதிக்கச் சொல்லுங்களேன். கல்யாணத்துக்குத் திரும்பணும்யா.

எங்க விட்டேன்? ஆங். நாலு வருஷத்துக்கு முன்னால எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, காப்பி போடுன்னாரு, போட்டுட்டு வந்து பாத்தா இல்ல. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆனா இல்லைன்னும் சொல்லிட முடியாது. அன்னலட்சுமி மக அபிநயா இருக்கால்ல, இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு, அவதான். அவளை ஒண்ணாம் வகுப்புல இருந்து பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் நான்தான் வச்சிருந்தேன். அன்னலட்சுமி தீப்பெட்டி ஆபீசுக்கு விடியக்காலம் போயிருவா. தலை வாரி, ஜடை பின்னி, சோறு கட்டி, காய்ச்சல்னா தூக்கிக்கிட்டு ஓடி... எல்லாம் நான். வயசுக்கு வந்தப்ப மொதல்ல எங்கிட்டத்தான் வந்து சொன்னா. "பெரியம்மா, என் கல்யாணத்துல நீதான் எனக்கு முன்னால நிக்கணும்"பா. சின்னப் பிள்ளையில சொன்னது. அவ மறந்திருப்பா. நான் மறக்கல.

இந்தக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அவுக மூணு பேரும் மட்டும் திருநெல்வேலி போயிட்டு வந்தாக. எனக்கு மூட்டு வலின்னு கூப்பிடல. நல்ல எண்ணத்துலதான். எனக்கு அப்ப மூட்டு வலி ஒண்ணும் இல்ல, ஆனா அவுகளுக்கு அது தெரியாதுல்ல. சாயங்காலம் குடும்ப குரூப்புல போட்டோ வந்துச்சு. மயில்கழுத்து கலரு, மூணு சேலை, கட்டில்ல விரிச்சு வச்சிருக்காக. நான் எண்ணுனேன். மூணு. நாலாவது ஒண்ணு மடிப்புக்குள்ள இருக்கும்னு பெருசாக்கிப் பாத்தேன். இல்ல.

மறுநாள் அன்னலட்சுமியே வந்தா. கையில ஒரு பெட்டி. உள்ள சந்தன கலர்ச் சேலை. "கடையில அந்த ரகத்துல மூணுதான் இருந்துச்சுக்கா. உங்களுக்கு அதை விட உசத்தியா எடுத்தாச்சு"ன்னா. பாவம், அவ முகத்தைப் பாக்கணுமே, எனக்கே சங்கடமாப் போச்சு. மூணுதான் இருந்தா அவ என்ன செய்வா? நானும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லி வாங்கி பீரோவுல வச்சேன்.

வச்சேனே தவிர எனக்குத் தூக்கம் பிடிக்கல. நாலாவது ஒண்ணு எங்கயாவது இருக்காதான்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. நாலாம் நாள் யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறி, அதே கடைக்குப் போயிட்டேன். செல்லுல இருக்க போட்டோவக் காட்டி, "இதுல ஒண்ணாவது மிச்சம் கிடக்கா பிள்ளே?"ன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை சிரிக்குது. "என்னம்மா ஒண்ணாவதுன்னு கேக்கிறீங்க, எத்தனை வேணும்?"னு சொல்லி அலமாரியத் திறந்துச்சு. அடுக்கு அடுக்கா இருக்கு தாயி. மேல இருந்து கீழ வரைக்கும் அதே மயில்கழுத்து, அதே அரக்கு.

அதுக்கு அப்புறம் வந்த சரக்கா இருக்கும். நாலு நாள்ல வராதா? வரும். நான் அந்தப் பிள்ளைகிட்ட எப்ப வந்துச்சுன்னு கேக்கல. எதுக்குக் கேக்கணும்?

எடுத்துட்டு வந்தேன். நம்ம தையல்காரிகிட்டப் போகல, வேற தெருவுல ஒருத்திகிட்டக் குடுத்து ஜாக்கெட்டு தைச்சேன். யாருக்கும் மூச்சு விடல. கல்யாணத்தன்னைக்குத் திடுதிப்புனு போய் நின்னு, "பாத்தீகளா, நாலாவது கிடைச்சிருச்சு"ன்னு சொல்லணும். அன்னலட்சுமி எவ்வளவு சந்தோஷப்படுவா! மூணு சேலைதான் கிடைச்சுதேன்னு அவ மனசுக்குள்ள எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பா!

நான் பேராசைப்படல தாயி, நீ தப்பா நினைக்காத. பூ வைக்கல. இந்தா பாரு, சின்னக் கருப்புப் பொட்டு, அதுவும் இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி. ஆரத்தித் தட்டைத் தொட மாட்டேன். தாலியத் தொட்டுக் குடுக்கச் சொல்லித் தட்டு வரிசையா வந்தா நான் ஒதுங்கிக்கிடுவேன். எனக்குத் தெரியும் எது என் இடம்னு. மேடையில ஓரமா, கடைசியா, நாலாவது ஆளா நிக்கணும். அம்புட்டுத்தான். ஒரே சேலையில நாலு பேரு நின்னா எவளுக்குப் புருஷன் இருக்கான், எவளுக்கு இல்லைன்னு பாக்கிறவுகளுக்குத் தெரியாதுல்ல? ஒரு அரை மணி நேரம் தெரியாம இருந்துட்டா யாருக்கு என்ன குறைஞ்சிரும்? சந்தன கலரைக் கட்டிக்கிட்டுப் போய் நின்னா, நான் வாயத் திறக்காமலே ஊருக்கெல்லாம் சொல்லிரும். நாலு வருஷமா அது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. எனக்கு அலுத்துப் போச்சு தாயி.

மணி என்ன? பத்தேகாலா? அதுக்குள்ளயா? வண்டி ஏன் நிக்குது? குழாய் பதிக்கிறாகளா? இன்னைக்கா பதிக்கணும்? கண்டக்டர் தம்பி, சுத்திப் போக வழி இல்லையா? எதிர்ல வர்ற வண்டியெல்லாம் விட்டுட்டுத்தான் நம்மள விடுவானா? எத்தனை வண்டிய்யா நிக்குது அந்தப் பக்கம்? ஏ அய்யா, நீங்களாச்சும் இறங்கிப் போய் அவன்கிட்டச் சொல்லுங்களேன். வண்டியில ஒரு கல்யாண வீட்டுப் பொம்பளை இருக்கான்னு சொல்லுங்களேன்.

பரவால்ல. பன்னெண்டு வரைக்கும் முகூர்த்தம் இருக்கு. நான் வராமக் கட்ட மாட்டாக. அன்னலட்சுமி சொல்லியிருக்கா.

காலையில எட்டரைக்கெல்லாம் போயிட்டேன் மண்டபத்துக்கு. வாசல்ல மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை ஒண்ணு, பன்னீர் தெளிச்சுக்கிட்டு நிக்குது. என் சேலையப் பாத்ததும், "வாங்க அத்தே, மத்த மூணு அத்தையும் உள்ள இருக்காங்க"ன்னு சொல்லி, ஒரு முழம் மல்லிகைப்பூவ என் கையில வச்சிருச்சு. நான் கேக்கல தாயி. அதுவா வச்சுச்சு. சேலையப் பாத்து நானும் அவுகள்ல ஒருத்தின்னு நினைச்சிருச்சு. நாலு வருஷம் ஆச்சு ஒருத்தி என் கையில பூ குடுத்து. தலையில வைக்கல நான். கையிலயே வச்சுக்கிட்டு அந்த வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னேன். சந்தோஷமா இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு.

அதுக்குள்ள அன்னலட்சுமி பாத்துட்டா. ஓடியாந்து என் கையப் பிடிச்சு, விறுவிறுன்னு அறைக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டா. பிரேமா இருக்கா, ஜோதிமணி இருக்கா. நான் "நாலாவது கிடைச்சிருச்சு"ன்னு சொல்ல வாயத் திறக்கேன், அதுக்குள்ள அன்னலட்சுமி, "ஐயோ அக்கா, இந்தக் கலரு வேண்டாம்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாக. முகூர்த்தத்துக்கு நீலம் ஆகாதாம். நாங்க மூணு பேருமே மாத்தப் போறோம்"னா. சொல்லிக்கிட்டே தோள்ல குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிட்டா. என் கண்ணு முன்னால. பிரேமா சூட்கேஸத் திறந்து, சேலை தேடுற மாதிரி... தேடுனா. பூவை ஒருத்தி வாங்கி ஜன்னல்ல வச்சுட்டா.

"அப்ப அதுலயே எனக்கும் ஒண்ணு குடு பிரேமா"ன்னேன். "உங்களுக்கு அது சரி வராதுக்கா. வீட்டுல அந்தச் சந்தன கலர் இருக்குல்ல, போய்க் கட்டிட்டு வந்துருங்க. நேரம் கிடக்கு"ன்னா. "நீங்க வராம தாலி கட்ட விடுவேனா?"ன்னு அன்னலட்சுமி சொன்னா. ஜோதிமணி மட்டும் செவுத்தப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் திரும்பி, "மாத்திட்டு வந்தாத்தான்க்கா மேடைக்கு"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா. எனக்குத்தான் ஏனோ உடம்பெல்லாம் கூசிப் போச்சு.

அபியப் பாத்துட்டுப் போயிருறேன்னேன். மேக்கப் நடக்குது, இப்ப யாரும் உள்ள வரக் கூடாதுன்னுட்டாக. கதவுக்கு வெளிய நின்னேன். உள்ள இருந்து அவ சத்தம் கேக்குது. "பெரியம்மா வந்துட்டாங்களா? பெரியம்மா எங்க?"ன்னு கேக்குறா. நான் பதில் சொல்றதுக்குள்ள, என் பின்னாலயே வந்த பிரேமா, "வருவாக, வருவாக, நீ ஆடாம உக்காரு"ன்னு சொல்லிட்டா.

வாசல்ல வேன் சும்மாத்தான் நின்னுச்சு. கொழுந்தன்கிட்டக் கேட்டேன், ஒரு எட்டு கொண்டு போய் விடச் சொல்லுங்கன்னு. மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்கு வேணும்னாரு. வேணும்தான், கல்யாண வீட்டுல எத்தனையோ வேலை இருக்கும். ஆட்டோவும் கிடைக்கல. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன். மூட்டு வலி இல்லைன்னேன்ல, இன்னைக்குத்தான் இருக்கு.

வண்டி நகருதா? நகருது, நகருது. முருகா. மணி சொல்லு. பத்து நாப்பதா? சரி. இறங்குன உடனே ஓட்டம்தான். பீரோ சாவி இந்தா, கையிலயே வச்சிருக்கேன் பாரு.

என்ன சத்தம் அது, என் செல்லா? குரூப்புல ஏதோ வந்திருக்கும். எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது, கண்ணாடிய அந்த அறையிலயே வச்சுட்டு வந்துட்டேன். நீ பாரு தாயி. "எங்க இருக்கீங்க அக்கா"ன்னு கேட்டிருப்பா. வந்துக்கிட்டு இருக்கேன்னு நீயே அடிச்சு விட்டுரு.

போட்டோவா? என்ன போட்டோ? ஏன் பேச மாட்டேங்கிற? இங்க குடு.

தாலி ஏறிருச்சா?

சரி. நல்லபடியா ஏறிருச்சுல்ல. நல்ல நேரத்துல ஏறிருச்சு. அதான வேணும். நேரம் நமக்காக நிக்குமா? ஐயர் அவசரப்படுத்தியிருப்பாரு. அது என்ன, பின்னால நீலமா? எனக்கு முகம் தெரியல, கலர் தெரியும். மூணு நீலம். மூணும் மயில்கழுத்துத்தான? அரக்கு பார்டருதான?

மாத்த நேரம் இருந்திருக்காது.

ஊக்கைக் கழட்டுனாளே. என் முன்னால கழட்டுனாளே தாயி. நான் வெளிய போன உடனே திரும்பக் குத்திக்கிட்டாளா? சூட்கேஸக்கூடத் திறந்து காட்டுனாளே ஒருத்தி. இத்தனை நாடகம் எதுக்கு? "நீ நிக்கக் கூடாதுடி"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா மண்டபத்துல கடைசி வரிசையில உக்காந்து பாத்திருப்பேனே. தாலி ஏறுறதையாவது பாத்திருப்பேனே. ஏன் என்னைப் பஸ்ஸுல ஏத்தி விட்டாக?

எனக்குத் தெரியும். கடையில அந்த அலமாரியத் திறந்தப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வாங்குனேன். கட்டிக்கிட்டு நேர்ல போய் நின்னுட்டா, "போ"ன்னு சொல்ல மனசு வராதுன்னு நினைச்சேன். இருபது வருஷம் சேலை பிரிச்சுக் குடுத்த கையாச்சேன்னு நினைச்சேன்.

நீ ஏன் எந்திரிக்கிற? உங்க ஊருக்குப் பிரியுற விலக்குல இறங்கணுமா? இரு தாயி, இரு. ஒரே ஒரு நிமிஷம். இந்தப் போட்டோவ மட்டும் பெருசாக்கிப் பாத்துச் சொல்லிட்டுப் போ. அபி எங்க பாக்குறா? மாப்பிள்ளையவா? இல்லையா? தலை குனிஞ்சிருக்காளா? இல்லைல்ல? நல்லாப் பாரு. கூட்டத்தைப் பாக்குற மாதிரி இல்ல? யாரையோ தேடுற மாதிரி இல்ல?

கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காதீக, இந்தப் பிள்ளை இன்னும் இறங்கல. சொல்லு தாயி. தேடுறான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கு. பொய்யா இருந்தாலும் சொல்லு.